கசங்காத துணிக்கு மட்டும்

கோவில்பட்டியில் குணாளன் சார் டியூஷன் சென்டர் என்றால் தனி மரியாதை. வாசலில், நிறைய மார்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் வரிசையாகத் தொங்கும். எதிரே தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் செண்பகவல்லி, கணக்கில் முப்பத்தெட்டு வாங்கிய மகள் பவதாரணியைச் சேர்க்க அங்கே போனாள்.

சார் மார்க் ஷீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இங்க தொண்ணூறு எடுக்கிற பிள்ளைங்களை மட்டும்தான் சேர்ப்போம். எடுத்துட்டு வரச் சொல்லு."

செண்பகவல்லி மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினாள்.

மறுவாரம் சென்டரில் பரிசளிப்பு விழா. சார் கசங்கிய பட்டுச் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு இஸ்திரி வண்டிக்கு அவசரமாக ஓடி வந்தார். வண்டியில் ஓர் அட்டை தொங்கியது: 'தொண்ணூறு சதவீதம் கசங்காத துணிக்கு மட்டுமே இஸ்திரி போடப்படும்.'

"ஏம்மா, கசங்காத துணியை எவனாவது இஸ்திரிக்குக் கொண்டு வருவானா?"

"அதைத்தான் சார் நானும் யோசிச்சேன். தொண்ணூறு எடுக்கிற பிள்ளைக்கு டியூஷன் எதுக்கு? அதான் வீட்டுலயே டியூஷன் எடுக்கிற எஸ்தர் டீச்சர்கிட்ட எம்பிள்ளையைச் சேத்துட்டேன். அவங்க மார்க்கே கேக்கல. பக்கத்துல உக்காந்து, ஒரு கணக்கைப் போடச் சொல்லி, பிள்ளை எங்க தடுமாறுதுன்னுதான் பாத்தாங்க."

விழாவுக்கு வந்த பெற்றோர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். "அந்த டீச்சர் வீடு எந்தத் தெரு?" என்றார் ஒருவர்.

செண்பகவல்லி வழி சொல்லிக்கொண்டே சாரின் சட்டையை வாங்கி விரித்தாள். "குடுங்க சார். கசங்கினதைச் சரி பண்ணத்தானே நான் இருக்கேன்."

சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு சார் நிமிர்ந்தபோது, மூன்று ஸ்கூட்டர்கள் எஸ்தர் டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.