தோள் மாற்றச் சொன்ன குரல்

நெல்லிக்குடி நாதர் வீதியுலா வரும் பல்லக்கைச் சுமப்பவர்களுக்குச் சீர்பாதம் தாங்கிகள் என்று பெயர். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் மாசிலாமணியார். தலைவர் என்றவுடன் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். விடிந்ததும் பல்லக்குத் தண்டுகளைத் துடைப்பார். யார் தோளிலும் சிராய் ஏறிவிடக் கூடாதென்று தேங்காய் நாரால் தேய்ப்பார். பிறகு ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே தம் ஆட்களின் காய்த்துப்போன தோள்களுக்கு நல்லெண்ணெய் தடவுவார். தம் தோளுக்குத் தடவ மட்டும் மறந்துபோவார்.

இதையெல்லாம் தூண் மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் கோயில் மணியக்காரர் தாண்டவம் பிள்ளை. பக்தியோடு பார்த்தார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! பூசை மணி சற்று முந்தி அடித்தால் அவருக்குச் சந்தேகம். பிந்தி அடித்தால் அதைவிடப் பெரிய சந்தேகம். அப்படிப்பட்டவருக்கு மாசிலாமணியாரின் நடத்தை தூக்கத்தையே கெடுத்தது.

விஷயம் இதுதான். முன்தண்டில் தலைவர் நிற்பதும், தெருமுனையில் அவர் ஒருவரே குரல் கொடுத்துத் தோள் மாற்றச் சொல்வதும் வழக்கம். எந்தத் தலைவரும் அந்த இடத்தை லேசில் விடமாட்டார். மாசிலாமணியாரோ இன்று ஒருவரை முன்தண்டுக்கு அழைப்பார், நாளை இன்னொருவரை. தாம் பின்னால் போய் நின்றுகொண்டு, "இப்போ நீங்க சொல்லுங்க" என்பார். குரல் பிசகினால் திட்டமாட்டார். உலா முடிந்தபின் தனியே கூப்பிட்டு, எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று காட்டிக்கொடுப்பார். தேறியவர்களை வேற்றூர்க் கோயில்கள் தலைவராகக் கேட்டால், தாமே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அவர்கள் அங்கே பரிவட்டம் கட்டிக்கொண்டார்கள். இவர் தலையில் அதே கிழிந்த துண்டு. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று ஊர் சிரித்தது.

பிள்ளை சிரிக்கவில்லை. இவனுக்குத் தோள் போய்விட்டதா? வேற்றூர்க்காரர்களிடம் கை நீட்டுகிறானா? ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏம்ப்பா, தெரிஞ்சதையெல்லாம் அடுத்தவனுக்குக் கத்துக்குடுத்துட்டு நீ என்ன பண்ணப்போறே? உள்ளுக்குள்ள என்ன திட்டம் வச்சிருக்கே?"

"நான் ஒருத்தன்தானுங்களே. நான் விழுந்தா நாதர் விழக் கூடாதில்லீங்களா?"

"அது கிடக்கட்டும். தூக்குறவனையெல்லாம் என்னத்துக்குச் சாமி சாமிங்கிறே?"

ஆம், அது அவர் வழக்கம். மற்றத் தலைவர்கள் "தோள் மாத்துடா!" என்று அதட்டுவார்கள். இவர் மட்டும் "தோளு மாத்துங்க சாமி!" என்பார்.

"நாதரையே தூக்குறாங்க. வேற எப்படிங்க கூப்பிடறது?"

இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருக்கவே முடியாது என்று பிள்ளை முடிவு கட்டினார். பங்குனி உலா நெருங்கியதும் உத்தரவு போட்டார்.

"முன்தண்டுல நீதான் நிக்கணும். உன் குரல் மட்டுந்தான் கேக்கணும். வேற எவனாவது வாயைத் திறந்தான்னா, அன்னியோட நீ பல்லக்கைத் தொடக் கூடாது."

மாசிலாமணியாருக்கு முகம் வாடிப்போயிற்று. நாதரைச் சுமப்பதைத் தவிர அவருக்கு வேறு வாழ்வு ஏது? "உத்தரவுங்க" என்று மட்டும் சொன்னார்.

உலா நாளன்று அவருக்குக் காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை. குருக்கள் நாதரின் வலத்தோளில் மாலை சாத்த, ஒழுங்காகச் சாத்தினாரா என்று பிள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டார். மழை பெய்து ஓய்ந்த மாலை, வீதியெல்லாம் சேறு. எவன் உதடு அசைகிறது என்று கவனித்தபடி பிள்ளை பல்லக்கை ஒட்டியே நடந்தார்.

வடக்கு வீதி முனை வந்தது. குரல் கொடுக்க வாயெடுத்த மாசிலாமணியாரை இருமல் பிடித்துக்கொண்டது. கால் வழுக்கி முழங்காலில் விழுந்தார். விழுந்தும் தோளைத் தண்டிலிருந்து எடுக்கவில்லை. பல்லக்கு வலப்பக்கம் சாய்ந்தது.

பின்னால் நின்ற அத்தனை பேருக்கும் என்ன சொல்ல வேண்டுமென்று தெரியும். அவர்தான் கற்றுத்தந்திருக்கிறாரே! ஆனால் வாயைத் திறந்தால் அவருக்குப் பல்லக்கு இல்லை. ஐயோ, நாதர் சாய்கிறாரே! தாம் போட்ட உத்தரவையும் மறந்து, பல்லக்கைத் தாங்கப் பிள்ளை இரு கைகளையும் நீட்டினார்.

"தோளு மாத்துங்க சாமி!"

கணீரென்று கேட்டது குரல். அத்தனை தோள்களும் ஒருசேர மாறின. பல்லக்கு நிமிர்ந்தது; மாசிலாமணியாரும் எழுந்து நின்றார்.

போன மூச்சு திரும்பியதும் பிள்ளையின் சந்தேகமும் கூடவே திரும்பிவிட்டது. "எவன்டா அது?"

இரண்டாமவராக நின்ற வைரவன் கண்கலங்கச் சொன்னார். "நானில்லீங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. தலைவரை நெனச்சு அடக்கிக்கிட்டேன்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பிள்ளை நம்பவில்லை. குரல் முன்னாலிருந்து வந்ததா, பின்னாலிருந்து வந்ததா என்று யோசித்தார். இரண்டும் இல்லை. அது அவர் தலைக்குமேலிருந்து வந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். நாதரின் வலத்தோளில் இருந்த மாலை இடத்தோளில் கிடந்தது. சாய்ந்ததில் நழுவியிருக்கும் என்று சந்தேகப்படப் பார்த்தார். ஆனால் பல்லக்கு சாய்ந்தது வலப்பக்கம். மாலை மாறியிருந்ததோ இடப்பக்கம். வாழ்நாளில் முதன்முறையாக அவருக்குச் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை. நடுவீதியில், சேற்றில், மாசிலாமணியாரின் காலில் விழுந்தார்.

"எந்திரிங்க சாமி, உலா பாதியில நிக்குது" என்றார் அவர்.

மறுநாள் விடிந்தபோது தூண் மறைவில் ஆள் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு மாசிலாமணியாரின் தோளருகே உட்கார்ந்திருந்தார் தாண்டவம் பிள்ளை. குரல் கொடுக்க மாசிலாமணியாரிடம் கற்றுக்கொண்டவர்களில் நாதரும் ஒருவர் என்று நெல்லிக்குடியார் இன்றும் சொல்வார்கள். தம்கீழ் நின்றவர்களை எல்லாம் முன்னே நிறுத்திப் பார்த்த அந்தத் தோள்கள் வாழ்க!