விரல் நுனியில் ஒரு தவளை

கேளுங்கள் பிள்ளைகளே. பிள்ளைகளுக்குச் சொல்லும் சாக்கில் பெரியவர்களும் கேளுங்கள். ஆறுகளுக்குப் பாலம் இல்லாத காலம் அது. மழை பிடித்துவிட்டால் அக்கரை ஓர் உலகம், இக்கரை வேறோர் உலகம்.

அப்படி ஓர் அக்கரையில் நாணற்குடி என்று ஓர் ஊர். அங்கே கோயில் இருந்தது, குளம் இருந்தது, வைத்தியர் மட்டும் இல்லை. ஐப்பசி பிறந்தால் ஆறு பெருகும், ஓடம் நிற்கும், காய்ச்சல் வரும். "காய்ச்சலுக்கு நீந்தத் தெரியும், வைத்தியருக்குத் தெரியாது" என்று ஊரார் கசப்பாய்ச் சிரிப்பார்கள். முந்தின மழையில் ஒரு கைக்குழந்தை போனது. போன மழையில் உமையாளின் அக்காள் போனாள்.

உமையாள் கோயில் ஓதுவாரின் மகள். அந்த ஊரில் ஏடு வாசிக்கத் தெரிந்தவர் இரண்டே பேர். ஒருவர் கண் மங்கிப்போன அவளுடைய தகப்பனார், இன்னொருத்தி அவள். ஆகவே ஊர் கூடியது. "உமையா, நீதான் போய் வைத்தியம் படிச்சுட்டு வரணும்" என்றது. அவள் மறுக்கவில்லை. அக்காளின் கொதிக்கும் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழித்திருந்தது அவளுக்கு மறக்கவில்லை.

இக்கரையில் ஆவுடையார் என்ற வைத்தியரின் பாடசாலை இருந்தது. அங்கே ஒரு வழக்கம். ஆடி மாதத்தில் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் நாடி பார்க்கும் சாஸ்திர ஏட்டின் பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். விஜயதசமியன்று பாடம் தொடங்கும். தொடங்குமுன் ஒரு சோதனை. தேறுகிற ஒருவருக்குத்தான் அந்த ஆண்டு இடம்.

உமையாள் ஏட்டை வாங்கி வந்த நாளே பிரித்தாள்.

முதலில் வாதத்தைப் படித்தாள். மூட்டு வலிக்கும் என்று இருந்தது. படித்து எழுந்தபோது அவள் முழங்கால் வலித்தது. உருளைக்கிழங்கு காணாத அந்தக் காலத்திலும் வாய்வுக்குக் குறைவா? வாழைக்காயை விட்டாள், மொச்சையை விட்டாள்.

பிறகு பித்தத்தைப் படித்தாள். வாய் கசக்கும், கண் மஞ்சளாகும் என்று இருந்தது. குடத்து நீரில் முகம் பார்த்தாள். கண் மஞ்சளாகத்தான் தெரிந்தது. புளியை விட்டாள்.

அதற்கும் பிறகு கபத்தைப் படித்தாள். நெஞ்சு கனக்கும் என்று இருந்தது. அவளுக்கு நெஞ்சு கனக்காத நாள் ஏது? மோரையும் விட்டாள்.

அவள் கணவன் குமரகுரு நல்லவன், வாய் கொஞ்சம் நீளம். "நேத்து வாதம், இன்னிக்குப் பித்தம். ஏ உமையா, நாளைக்கு அடுத்த ஏட்டைத் திருப்பாதே. என்னை மறுதாரம் பார்க்க வச்சிடாதே" என்றான்.

"சிரிக்காதீங்க. எல்லாம் எனக்கு இருக்கு. எழுதினவர் என்னைப் பார்த்துட்டே எழுதியிருக்கார்."

"அப்படின்னா அவர்கிட்டயே மருந்து கேளு. சோத்தை மட்டும் தின்னு."

அவள் தின்னவில்லை. நாடி பார்க்கும் மூன்று விரலையும் தன் மணிக்கட்டில் வைத்தபடியே இருந்தாள். நலமாய் இருந்தால் வாதம் கோழிபோல் நடக்கும், பித்தம் ஆமைபோல் ஊரும், கபம் தவளைபோல் தத்தும் என்றது ஏடு. அவள் விரலடியில் கோழியும் இல்லை, ஆமையும் இல்லை. எப்போது தொட்டாலும் ஒரே தவளை. நாய் துரத்திய தவளை. தொடத் தொட அது இன்னும் வேகமாய்த் தத்தியது.

ஏட்டின் கடைசியில் ஒரு வரி இருந்தது: ஒரு மரத்து இலைகள் இரண்டு ஒன்றாய் இருந்தாலும், இரு மனிதர் நாடி ஒன்றாய் இராது. அதை மட்டும் அவள் பயமில்லாமல் படித்தாள். அதில் நோய் எதுவும் இல்லை.

விஜயதசமி வந்தது. ஓடமேறி இறங்கியபோது அவள் பாதியாய் இளைத்திருந்தாள். பாடசாலை வாசலில் இன்னும் இருவர் நின்றார்கள்.

ஒருவன் திருவடி. அரண்மனை வைத்தியரின் மருமகன். ஏட்டை முன்னிருந்து பின்னாகவும், பின்னிருந்து முன்னாகவும் ஒப்பிப்பான். மற்றவன் பொன்னம்பலம். ஏட்டின் கயிற்றைக்கூட அவிழ்க்காதவன்.

"பாடம் தொடங்குமுன்னே படிக்கிறது, பந்தி விரிக்குமுன்னே கை நனைக்கிற மாதிரி" என்று பொன்னம்பலம் சிரித்தான்.

"இலை போட்ட பிறகும் உமக்குச் சாப்பிடத் தெரியாதே ஐயா" என்றான் திருவடி. பிறகு உமையாளைப் பார்த்து, "என்னம்மா, நீங்க படிக்க வந்தீங்களா, பண்டுவம் பார்த்துக்க வந்தீங்களா?" என்றான்.

அவளுக்கே அது தெரியவில்லை.

உள்ளே ஒரு திரை கட்டியிருந்தது. திரையில் மூன்று துளைகள். ஒவ்வொரு துளை வழியாகவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கை வெளியே வரும். விரலும் உள்ளங்கையும் துணியில் சுற்றியிருக்கும். மணிக்கட்டு மட்டும் தெரியும். ஒவ்வொருவராக உள்ளே போய் மூன்று கையின் நாடியையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆவுடையார் ஓரமாய் உட்கார்ந்திருந்தார்.

முதலில் திருவடி போனான். வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி முழங்கினான். முதல் கைக்கு முடக்குவாதம். இரண்டாம் கைக்குக் காமாலை. மூன்றாம் கைக்கு ஈளை இருமல், தை மாதத்தைக் காணாது.

அடுத்து பொன்னம்பலம் போனான். மூன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "மூணு பேரும் நல்லாத்தான் இருக்காங்க, சாமி" என்று சொல்லித் திரும்பினான்.

பிறகு உமையாள்.

முதல் கையில் விரல் வைத்தாள். தவளை தத்தியது. இரண்டாம் கையில் வைத்தாள். அதே தவளை. மூன்றாம் கையில் வைத்தாள். அங்கேயும் அதே தவளை.

மூவருக்கும் ஒரே நோயா? கொள்ளைநோயா? கத்திவிடலாமா? தப்பாய்ச் சொன்னால் இடம் போகும். இடம் போனால் நாணற்குடிக்கு அடுத்த மழைக்கும் ஆள் இல்லை, அதற்கடுத்த மழைக்கும் ஆள் இல்லை.

அவள் கையை எடுத்தாள். எடுத்த பின்னும் அந்தரத்தில், வெறும் விரல் நுனியில், தவளை தத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை நேரம் அவள் பார்த்தது பிறர் நாடியை அல்ல, தன் பயத்தை.

"ஐயா, இப்போ என்னால பார்க்க முடியாது. என் கை அடங்கலை. கொஞ்சம் உட்கார்ந்துக்கலாமா?" என்றாள்.

ஆவுடையார் தலையை அசைத்தார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கேட்டு வாங்கித் தண்ணீர் குடித்தாள். "உள்ளே தூங்கிட்டாங்களா?" என்று வெளியே திருவடியின் குரல் கேட்டது. அவள் எழவில்லை. வெட்கமாய் இருந்தது, வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். பயம் ஒரேயடியாய்ப் போகவில்லை. அது சோர்ந்து படுக்கிறவரை காத்திருந்தாள்.

எழுந்து மறுபடி தொட்டாள். முதல் கையில் கோழி நடந்தது, ஆமை ஊர்ந்தது, தவளை நிதானமாய்த் தத்தியது. இரண்டாம் கையில் அதே கோழி, அதே ஆமை, அதே தவளை. மூன்றாம் கையிலும் அப்படியே.

"ஐயா, நோய் எதுவும் என் விரலுக்குத் தெரியலை. மூணு கை நாடியும் ஒண்ணாவே இருக்கு. இரண்டு பேருக்கு ஒரே நாடி இராதுன்னு ஏட்டிலே படிச்சேன். அப்போ திரைக்குப் பின்னாலே இருக்கிறது ஒரே ஆள்தான். அதுவும் இல்லேன்னா, எனக்குத் தெரியலைன்னு வச்சுக்குங்க."

திரைக்குப் பின்னால் ஒருவர் குலுங்கிச் சிரித்தார். பாடசாலைச் சமையல்காரர் வீரபாகு, தொந்தியைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். ஒரே வலது கையைத்தான் அவர் துளை மாற்றி மாற்றி நீட்டியிருந்தார்.

"அம்மா, நீங்க நல்லா இருக்கணும். அந்தத் தம்பி கணக்குப்படி எனக்கு மூணு நோய். தை மாதம் பொங்கல் வைக்க ஆள் இருக்காது!"

பொன்னம்பலம் துள்ளினான். "நானும் நல்லாத்தானே இருக்காங்கன்னு சொன்னேன்!"

"மூணு பேர்னும் சொன்னீரே. எங்கே, மத்த இரண்டு பேரைக் காட்டும்" என்றார் வீரபாகு.

ஆவுடையார் அப்போதுதான் வாய் திறந்தார். "படிக்காமல் வந்தவருக்கு என்ன பார்ப்பதென்று தெரியவில்லை. படித்து வந்தவர் ஏட்டைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. அம்மா, நீ பயந்தாய். பயந்ததைச் சொன்னாய். பாயை எடுத்துப் போடு, பாடம் தொடங்கலாம்."

உமையாள் அன்று வாழைக்காய்க் கறியோடு வயிறாரச் சாப்பிட்டாள் என்பார்கள். சாப்பிடும்போதே அழுதாள் என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டு மழை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. நாணற்குடியில் இரண்டு பேரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு ஆறு பெருகுமுன்னே அவள் வைத்தியம் கற்று, ஓடமேறி அக்கரை போய்விட்டாள்.

முன்கூட்டிப் படிப்பது நல்லதே. ஆனால் படித்ததைக் கொண்டு உலகத்தைத் தொடுமுன், தன் அச்சமும் தன் செருக்கும் அடங்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவரே கற்றவர்.