அசையாமல் படுத்த ஆறு குட்டிகள்

ஆந்தை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும் காட்டிலுள்ள குட்டிகள் எல்லாம் குதித்துக் கூத்தாடின. காட்டுப்பன்றி காத்தாயி மட்டும் முன்னங்காலைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாவம், அவளுக்கு ஆறு குட்டிகள். ஆறும் ஆறு பக்கம் ஓடும். பள்ளிக்கூடம் இருந்தால் பாதிப் பொழுதாவது நிம்மதி. இப்போது கண் விழித்தால் "அம்மா, பசிக்குது!", சாப்பிட்டு முடித்தால் "அம்மா, இவன் கடிக்கிறான்!", அதுவும் முடிந்தால் "அம்மா, போரடிக்குது!"

போதாக்குறைக்கு இலுப்பைப்பூ விழாவும் வந்துவிட்டது. கோடையில் இலுப்பை மரங்கள் பூவைக் கொட்டித் தீர்க்கும். தேன்போல இனிக்கும் பூ! பூ இருக்கும்வரை எல்லா மிருகங்களும் காலையில் மரத்தடியில் கூடித் தின்னும், ஊர்க்கதை பேசும்.

முதல் நாள் காத்தாயி குட்டிகளோடு போனாள். மூத்தவன் உருளி பூக்குவியலில் விழுந்து புரண்டான். இரண்டு பேர் மயிலின் தோகையைப் பிடித்து இழுத்தார்கள். கடைக்குட்டி சுண்டு யானையின் கால்களுக்கு நடுவே கண்ணாமூச்சி ஆடினான். ஒருவனை இழுத்து வருவதற்குள் இன்னொருவன் ஓடினான். காத்தாயிக்கு ஒரு பூவை வாயில் போடவும் நேரமில்லை.

"காத்தாயி வந்துட்டா! பூவை ஒளிச்சு வைங்கப்பா!" என்று மரத்தின் மேலிருந்து குரங்கு கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் புள்ளிமான் நீலவேணி வந்தாள். உடம்பில் ஒரு தூசு இல்லை. நடையில் ஒரு பதற்றம் இல்லை. கூடக் குட்டியும் இல்லை.

"உன் பையன் மருது எங்கே?" என்று யானை கேட்டது.

"புல்லுல படுக்க வச்சிட்டு வந்தேன். நான் போய்க் கூப்பிடுற வரைக்கும் அசைய மாட்டான்."

"பிள்ளைன்னா அப்படி இருக்கணும்!" என்றது யானை. சொன்னதோடு விடாமல் காத்தாயியை ஓரக்கண்ணால் பார்க்கவும் செய்தது.

காத்தாயிக்கு வயிறு பற்றி எரிந்தது. நீலவேணி நிதானமாகப் பூவை மெல்வது எரிச்சலாக இருந்தது. அவள் மயிலோடு சிரித்துப் பேசுவது அதைவிட எரிச்சலாக இருந்தது. 'ஒரே ஒரு பிள்ளையைப் பெத்துட்டு என்ன மினுக்கு! பேரைப் பாரு, நீலவேணியாம்!' என்று பொருமிக்கொண்டே குட்டிகளை முட்டி முட்டி வீட்டுக்கு ஓட்டிவந்தாள்.

வந்ததும் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினாள்.

"நாளைக்கு நீங்க எல்லாரும் மருது மாதிரி புல்லுல படுத்துக் கிடக்கணும். நான் விழாவுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஒருத்தனும் அசையக் கூடாது. எங்கே, படுங்க பார்க்கலாம்!"

படுத்தார்கள். நாலு மூச்சு விடுவதற்குள் நெளிய ஆரம்பித்தார்கள்.

"அம்மா, மூக்கு அரிக்குது!"

"அரிக்கட்டும்!"

"அம்மா, மூச்சு விடலாமா?"

"சத்தமில்லாம விடு!"

"அம்மா, யாராவது வந்தா என்ன செய்யணும்?" என்று சுண்டு கேட்டான்.

"யார் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது! கத்தினவனுக்கு ஒரு பூ கூடக் கிடையாது. கத்தாம இருக்கிறவனுக்கு வாய் நிறையக் கொண்டு வருவேன்" என்றாள் காத்தாயி.

மறுநாள் காலை குட்டிகளை ஓடையோரப் புல்லில் படுக்க வைத்துவிட்டுத் தனியாக விழாவுக்குப் போனாள். மேலெல்லாம் கழுவியிருந்தாள். நடையைக்கூடக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டாள். நேராக நீலவேணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் பிள்ளைகளும் புல்லுல அசையாமப் படுத்திருக்காங்க!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

நீலவேணியின் வாயிலிருந்து பூ கீழே விழுந்தது.

"என்னக்கா சொல்றீங்க? மான்குட்டிக்கு இந்த வயசுல உடம்புல வாடையே இருக்காது. பக்கத்துல நரி போனாலும் மோப்பம் பிடிக்க முடியாது. அவனால இன்னும் என்கூட ஓட முடியலை, அதனாலதான் படுக்க வைக்கிறேன். பால் சுரக்கணுமேன்னு இங்கே வந்து தின்னுறேன். ஒவ்வொரு வாயையும் பயந்துக்கிட்டேதான் விழுங்குறேன். ஆனா உங்க பிள்ளைகளுக்கு வாடை..."

"என் பிள்ளைங்க நாறுறாங்கன்னு சொல்றியா?"

"ஐயோ, அப்படி இல்லைக்கா! போய்ப் பாருங்க, சீக்கிரம்!"

"தெரியும்டி உன்னை! என் பிள்ளைகளும் அடங்கிட்டாங்கன்னதும் உனக்குப் பொறுக்கலை. பொறாமை!" என்றாள் காத்தாயி. பொறாமை யாருக்கு என்று பாருங்கள்! அவள் வேண்டுமென்றே அங்கேயே நின்று இன்னொரு வாய்ப் பூவை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

அதற்குள் ஓடையோரம் நரி வந்துவிட்டது. காற்றை மோந்தது. நேராகப் புல்லுக்குள் தலையை நீட்டியது. ஆறு குட்டிகள் வரிசையாகக் கிடந்தன.

"அடடா! பந்தி விரிச்சு வச்சிட்டுப் போயிருக்காளே!" என்ற நரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எங்ககிட்டப் பேசாதீங்க. நாங்க அசையக் கூடாது. அம்மா சொல்லியிருக்காங்க" என்று உருளி கிசுகிசுத்தான்.

"அப்படியா! அம்மா சொன்னதைக் கேட்கணும். கத்தவும் கூடாதோ?"

"கத்தினா பூ கிடையாது."

"எவ்வளவு நல்ல பிள்ளைங்க! அப்படியே இருங்க" என்றது நரி.

அது ஓரத்தில் கிடந்த சுண்டுவின் காதைப் பல்லால் கவ்வியது. சுண்டுவின் கண்ணில் நீர் முட்டியது. வாயை இறுக்க மூடிக்கொண்டான். நரி இழுத்தது. சுண்டு புல்லில் தேய்ந்துகொண்டே போனான். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

உருளி தம்பியைப் பார்த்தான். புல்லில் ரத்தத்தைப் பார்த்தான். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"எனக்குப் பூவே வேண்டாம்!" என்று வீறிட்டான். மற்ற நால்வரும் சேர்ந்து கத்தினார்கள். அந்தக் கத்தலில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் பறந்தன.

இலுப்பை மரத்தடியில் காத்தாயிக்கு அந்தக் கத்தல் கேட்டது. வாயிலிருந்த பூவைத் துப்பிவிட்டு, முள், கல், புதர் எதையும் பாராமல் ஓடினாள். நரி நிமிர்ந்து பார்ப்பதற்குள் அதன் விலாவில் முட்டினாள். நரி உருண்டு விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டே ஓடியது. ஆனால் சுண்டுவின் காதில் பாதி அதன் வாயோடு போய்விட்டது.

பின்னாலேயே ஓடிவந்த நீலவேணி பச்சிலையை மென்று காயத்தில் வைத்தாள். 'நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காத்தாயிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"ஏண்டா கண்ணு, அம்மான்னு ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று சுண்டுவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சுண்டு வலியில் நடுங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"நான் கத்தவே இல்லைம்மா. இவங்கதான் கத்தினாங்க. எனக்குப் பூ உண்டுதானே?"



அடுத்தவர் பிள்ளையைக் கண்டு பொறாமைப்பட்டுத் தன் பிள்ளையை அதுபோல அடக்குகிறவர்கள், ஆபத்தில் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய குரலையும் சேர்த்தே அடக்கிவிடுகிறார்கள்.