ஓலையின் கடைசி வரி

"இன்னைக்கு உச்சிப் பொழுதோட வழக்கு நம்ம பக்கம் முடிஞ்சிடும், அம்மா. ஆனா எனக்கு ஒரு குறை," என்றார் ஐயாறன். "பதினோரு நாளா ஊரே என் வாதத்தைக் கேக்க வருது. நீங்க மட்டும் ஒரு நாள்கூட வரலை."

நாச்சி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. ஐயாறனுக்கு ஐம்பது. அரசாங்க ஓலைகளைப் படி எடுக்கும் எழுத்தர், போயும் போயும் புளி விற்கிறவளைக் குரு என்று சொல்லிக்கொண்டு திரிகிறாரே என்று ஊர் சிரிக்கத்தான் செய்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

"கடையைப் பாத்துக்க ஆள் இல்லைண்ணே. இங்கேயே சொல்லுங்க, கேக்கறேன்."

சொல்லச் சொன்னால் போதாதா? ஐயாறன் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான்.

ஊருக்கு மேற்கே பெரிய ஏரி. அதன் கரையைச் சோதிக்க அரசாங்கம் யாருக்கும் தெரியாமல் ஒரு முழுகாளியை நீருக்குள் இறக்கியது. உள்ளே கல் பெயர்ந்து கரை பொக்கையாகக் கிடக்கிறது என்று அறிக்கை வந்தது. அமைச்சர் படித்துப் பார்த்தார். திருவிழா முடியட்டும் என்று முத்திரை வைத்துப் பெட்டியில் பூட்டச் சொன்னார்.

பூட்டுவதற்கு முன் வழக்கப்படி ஒரு படி எடுக்க வேண்டும். எடுத்தவர் ஐயாறன். அவர்கள் கேட்டது ஒன்று, அவர் எடுத்தது இரண்டு.

இரண்டாவது படியைத் திருவிழா அறிவிப்பாளரின் ஓலைக்கட்டில் சத்தமில்லாமல் சொருகிவிட்டு வந்துவிட்டார். அந்த மனிதர் அதையும் அறிவிப்பு என்றே நினைத்து, கொடியேற்றத்துக்கு வந்த கூட்டத்தின் முன்னால் கணீரென்று படித்தார்.

'இந்த மழைக்குக் கரை நிற்காது' என்ற இடம் வந்ததும் கூட்டம் போட்ட கூச்சலில் மீதி யார் காதிலும் விழவில்லை. படித்தவர் காதிலேயே விழவில்லை. அன்று மாலைக்குள் கரைக்குக் கீழே இருந்த மூன்று தெருக்களும் சட்டி பானையோடு மேட்டுக்குப் போய்விட்டன.

மறுநாளே வாதம் ஆரம்பித்தது. பூட்டி வைத்த ஓலையை வெளியே விட்டது சரியா, தவறா?

அடடா, என்ன வாதம். சந்தை மண்டபத்தில் நிற்க இடமில்லை. தயிர் விற்க வந்தவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாதாடினாள். முடி வெட்டிக்கொள்ளப் போனவன் பாதித் தலையோடு எழுந்து வந்து வாதாடினான். ஓலை வந்ததால்தான் மூன்று தெரு பிழைத்தது என்றது ஒரு தரப்பு. நம் கரை பொக்கை என்று பகை நாட்டானுக்கும் தெரிந்துபோயிற்றே, நாளைக்கு அவன் வந்தால் வாளே வேண்டாம், கடப்பாரை போதுமே என்றது மறு தரப்பு. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு தரப்பாய் நின்றதில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

ஓலையை வெளியே விட்டவர் யார் என்று நாச்சியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. "யாரோ ஒரு புண்ணியவான்," என்று மேடையில் நின்று ஐயாறன் சொல்வார். சொல்லும்போதெல்லாம் அவருக்கே புல்லரிக்கும்.

"நேத்துதாம்மா உச்சம்," என்றார் இப்போது. "எதிர்த்தரப்புல தாமோதரர் எழுந்து, ரகசியத்தை வெளியே விட்டா உயிர் போகும்னாரு. நான் விடலை. இந்த ஓலையால கெட்டவன் ஒருத்தன் பேரைச் சொல்லுங்க, ஒரே ஒரு பேருன்னு கேட்டேன். மனுஷன் மேல்துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு நின்னாரு பாருங்க."

நாச்சி வாய்விட்டுச் சிரித்தாள். தாமோதரர் அமைச்சருடைய ஆள். அவருக்குக்கூட மூல ஓலையைக் கண்ணில் காட்டவில்லை என்பது ஊரறிந்த கதை.

அதோடு ஐயாறன் நிற்கவில்லை. ஓலையை முழுக்கப் படித்துவிடலாம், ஒளிக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்று சபையில் சவால் விட்டுவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நடுவர் ஒப்புக்கொண்டார். கொடியேற்றத்தன்றே அறிவிப்பாளரிடமிருந்து வாங்கி அவர் உறையிலிட்டு வைத்திருந்த அந்தப் படி, இன்று உச்சிப் பொழுதில் பிரிக்கப்படும். ஐயாறன் குரல் கடைசி வரிசைக்கும் எட்டும் என்பதால் படிக்கப்போவதும் அவர்தான். படித்து முடித்ததும் இரு தரப்பும் ஓலையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

"எனக்கும் முழுசாக் கேக்கணும் போல இருக்குண்ணே. மனப்பாடமா இருக்குமே?"

"ஒரு எழுத்து விடாம. இருபத்தெட்டு வருஷத் தொழில் இல்லையா?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மூன்றாம் மதகு, பெயர்ந்த ஆறு கல், அரித்துப்போன களிமண், இந்த மழைக்குக் கரை நிற்காது. அதே வேகத்தில் மேலே போனார்.

"நீரில் முழுகி இவ்வாறு கண்டு சொன்னவன் மேலமதகுக் காடன். இவன் பெயரை ஏரி வாரியத் தலைவர் பேரரையர் அறியலாகாது என்று இவன் கேட்டுக்கொண்டபடி..."

குரல் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தார்.

"மேலே?" என்றாள் நாச்சி.

"முத்திரை காக்க. அவ்வளவுதான்."

"படி எடுத்தவர் பேரும் அடியில போடற வழக்கம் உண்டே?"

"அதை மட்டும் விட்டுட்டேன்." அவர் குரல் இறங்கியிருந்தது. "பயம்."

"காடன் யாருண்ணே?"

"தெரியாது."

"போய்ப் பாத்துட்டு வாங்க."

படி எடுப்பவர்களுக்கு ஒரு குணம் உண்டு. கை எழுதும், மனம் அடுத்த வேளைச் சாப்பாட்டில் இருக்கும். ஓர் எழுத்து விட்டால் பிரம்படி என்று பழக்கப்பட்டவர்கள். விடக்கூடாது என்பதுதான் தெரியும். ஐயாறன் அந்த வரியைத் தன் கையாலேயே இரண்டு முறை எழுதியிருந்தார். இன்றுதான் அது அவர் காதில் விழுந்தது.

ஓடினார். ஐம்பது வயதில் அப்படி ஓடியதை மேலமதகுக்காரர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

காடன் தன் குடிசைக் கூரையைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். குடும்பம் அன்றே மேட்டுக்குப் போய்விட்டது, இப்போது குடிசையையும் கொண்டுபோகிறான். மனைவி பானைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்புயரப் பெண் குழந்தை ஒன்று ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்து நின்றது.

வந்தவரை அவன் உடனே கண்டுகொண்டான். தினம் முதல் வரிசையில் நின்று கேட்கிறவன் அவன்.

"ஐயா, நீங்களா? நேத்து போட்டீங்களே ஒரு போடு," என்று கூரையிலிருந்து குதித்தான். "அந்த ஓலையை வெளியே கொண்டாந்த மகராசன் யாரோ, அவன் காலைத் தொட்டுக் கும்பிடணும். இல்லைன்னா இந்தப் பிள்ளை இந்த மழையோட போயிருக்கும்."

ஐயாறன் குழந்தையைப் பார்த்தார். பேரரையர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டார்.

காடன் முகம் மாறியது. கரையைப் போன வருஷம் செப்பனிட்டதாகச் சொல்லிக் கோயிலில் மாலை வாங்கிக்கொண்டவர் பேரரையர். ஓலை வந்ததும் ஊர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டது. தண்ணீரில் இறங்கியது எவன் என்று தெரியாமல் அவருக்குத் தூக்கமில்லை. முழுகாளிகள் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார். மூத்த முழுகாளியின் கை இரண்டையும் அவருடைய ஆட்கள் முறித்துவிட்டார்கள். அந்தக் கிழவன் இனி நீந்த முடியாது. அவன் இறங்கியவனும் இல்லை, இறங்கியவன் யார் என்று அவனுக்குத் தெரியவும் தெரியாது.

"யாருன்னு தெரிஞ்சா?" என்றார் ஐயாறன்.

"குடும்பத்தோட கொளுத்திடுவாரு," என்றான் காடன், அவர் கண்ணைப் பார்க்காமல். "நல்லவேளை, யாருக்கும் தெரியாது."

தன் பெயர் ஓலையில் ஏறியிருப்பது அவனுக்கே தெரியாது. பிறகு சிரித்தான். இன்றைக்கு ஓலையை முழுக்கப் படிக்கப்போகிறார்களாமே, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருகிறேன், நீங்கள்தானே படிக்கப்போகிறீர்கள் என்றான்.

ஐயாறன் திரும்பி நடந்தார். பாதி வழியில் தன்னை அறியாமல் மறுபடி ஓடத் தொடங்கினார்.

மண்டபத்தில் எள் விழ இடமில்லை. தூணில் ஏறியிருந்தார்கள். எதிர்த்த கூரையில் ஏறியிருந்தார்கள். முதல் வரிசையில் பேரரையர் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நாலு முழம் தள்ளி, மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு காடன். ஒரு தூணோரம் நாச்சி. அவள் கடையைப் பூட்டிவிட்டு வந்தது அன்று ஒரு நாள்தான்.

நடுவர் உறையைப் பிரித்தார். வாசிப்பு முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

ஐயாறன் படித்தார். மூன்றாம் மதகு. ஆறு கல். களிமண்.

"இந்த மழைக்குக் கரை நிற்காது."

ஒருவரும் மூச்சுவிடவில்லை. கூச்சல் போடாதா இந்தக் கூட்டம் என்று அவர் மனம் கெஞ்சியது. சொன்னபடி கேட்கிற கூட்டமாக அன்று பார்த்து மாறியிருந்தது. பேரரையரின் விசிறி நின்றுவிட்டது.

ஐயாறன் மடியிலிருந்த எழுத்தாணியை எடுத்தார். அதன் மறுமுனை கத்தி. நிற்காது என்ற சொல்லுக்கு அடியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஓலையின் அடிப்பகுதி ஈர்க்குப் போல மெல்லிய துண்டாகக் கையோடு வந்தது. அதை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மண்டபம் இடிந்து விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தாமோதரருக்குப் பதினோரு நாள் கழித்து உயிர் வந்தது. மேடையின் நடுவுக்கே வந்துவிட்டார்.

"பாத்தீங்களா? ரகசியமே கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்தின மனுஷன். ஊரறிய ஓலையை வெட்டி வாயில போடறாரு. வெட்ட உனக்கு என்னய்யா உரிமை?"

ஐயாறன் ஓலைத்துண்டை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"பிழை இருந்தா வெட்டலாம். படி எடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு."

"படி எடுத்தவனுக்குத்தானே?"

"நான்தான் எடுத்தேன். நான்தான் வெளியே விட்டேன். என் பேரு ஐயாறன். எழுதிக்கங்க."

காவலர்கள் படியேறத் தொடங்கினார்கள். அவருடைய தரப்பினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு நாள் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடியவர்களே, இவர் எதையோ மறைக்கிறார் என்று முணுமுணுத்தார்கள்.

நடுவர் கையை உயர்த்தினார். அந்த வரியில் என்ன இருந்தது என்று சொல்லிவிட்டால் தண்டனை குறையும் என்றார். பேரரையர் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண் ஐயாறனின் வாயை விட்டு நகரவில்லை.

வரியைச் சொல் என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான், இரண்டு தரப்பும் சேர்ந்துகொண்டது. பதினோரு நாளில் ஊர் முதல்முறையாக ஒரே குரலில் கேட்டது. வரியைச் சொல். வரியைச் சொல்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குரல் முன்னாலிருந்து வந்தது. தோளில் இருந்த குழந்தையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை வாயருகே குவித்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்பக் காடன் கத்தினான்.

"சொல்லுங்க ஐயா, பயப்படாதீங்க. எது வந்தாலும் நாங்க இருக்கோம். சொல்லுங்க."

ஐயாறன் அவனைப் பார்த்தார்.

மென்று விழுங்கினார்.