இடப்பக்கம் வளைந்த கட்டை

விடை தெரிந்துவிட்டது என்று பாதியிலேயே கையைத் தூக்கிவிடாதீர்கள். கடைசிவரை கேட்டுவிட்டு நிதானமாகச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூர் போத்தனூரில் லூர்துசாமி என்றொரு தச்சர் இருந்தார். மேசை நாற்காலி செய்யச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். வெளிநாட்டிலிருந்து வரும், போட்டிகளில் சுடும் துப்பாக்கிகளின் மரக்கட்டையில்தான் அவருக்கு வேலை. இரும்புப் பாகமெல்லாம் உரிமம் பெற்ற கடையில் பூட்டிக் கிடக்கும்; தோளில் தாங்கிக்கொள்ளும் கட்டை மட்டும் கழன்று அவர் வீட்டுக்கு வரும். இத்தாலிக்காரன் தன் ஊர் உடம்புக்குச் செய்ததை நம்மூர் உடம்புக்கு மாற்றித் தருவார்.

அந்தக் கட்டை பார்வைக்கு நேராகத் தெரியும், ஆனால் நேரானதில்லை. வலத் தோளில் வைத்துச் சுடுபவருக்கு வலப்பக்கமாக ஒரு நூல் அளவு வளைந்திருக்கும். இடத் தோள்காரருக்கு இடப்பக்கமாக. அப்போதுதான் கன்னம் வைத்ததும் கண் குழலுக்கு நேரே வந்து நிற்கும். நீளமும் ஆளுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். நெட்டையான ஆள் குட்டைக் கட்டையைப் பிடித்துச் சுட்டால் அவருடைய கட்டைவிரலே அவர் மூக்கைப் பதம் பார்த்துவிடும். அதனால் ஆளை நிற்கவைத்து அளக்காமல் லூர்துசாமி உளியைத் தொட்டதே கிடையாது.

ஒரே ஒருமுறை அந்த வழக்கத்தை விட்டார். கேட்டவர் மில்காரர் ராக்கியப்பன். ஆறடி ஆள், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியில் இருபது வருடம் ஆடியவர். தன் இரட்டைக்குழல் துப்பாக்கியின் கட்டையோடு அளவு எழுதிய ஒரு சீட்டையும் நீட்டினார்.

“இடப்பக்கமா வளைச்சுருங்க. நீளத்துல ஒன்றரை அங்குலம் குறைச்சுருங்க.”

“ஆருக்குங்க? ஆளைப் பாக்காம எப்படிங்க அறுக்கறது?”

“மொதல்ல வேலை முடியட்டும். இப்பவே சொன்னா வேண்டாம்னு நிக்கற ஆளு அது.”

வேலை முடிந்த வாரமே ராக்கியப்பன் மாரடைப்பில் போய்விட்டார். பெயரைச் சொல்லாமலே போய்விட்டார்.

உரிமத்தை மாற்ற வேண்டுமானால் குடும்பம் கூடி ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். காரியமெல்லாம் முடிந்தபின் மூன்று பேர் ஒன்றாக லூர்துசாமி வீட்டுப் படியேறினார்கள். மகன் நந்தகோபால், அப்பாவின் அதே உயரம். சாப்பிடுவது தவிர எல்லாமே இடக்கைதான். ராக்கியப்பனின் தங்கை மகன் திருமூர்த்தி, குள்ளம், வலக்கைக்காரன். ஞாயிறு தவறாமல் மாமாவோடு மைதானத்துக்குப் போனவன். மூன்றாவதாக மகள் தாரணி. அவளும் குள்ளம், எழுதுவதும் வலக்கையால்தான்.

தாரணியும் ஒரு காலத்தில் சுட்டவள்தான். வலத் தோளில் வைத்து எத்தனை கவனமாகச் சுட்டாலும் குண்டு தட்டுக்கு இடப்பக்கமாகவே போகும். ஒருநாள் அத்தனை பேர் முன்னால் ராக்கியப்பன், “இது உனக்கு வராது அம்மிணி, உட்டுரு” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு இறக்கி வைத்தவள்தான். மூன்று வருடமாக மைதானத்துப் பக்கமே போகவில்லை. அதைப் பற்றி அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதும் இல்லை.

“எங்கூட்டுல பீச்சாங்கைக்காரன் நா ஒருத்தன்தானுங்க. வேற ஆருக்கு வளைப்பாரு?” என்றான் நந்தகோபால். கட்டையை எடுத்து இடத் தோளில் வைத்தான். வளைவு பொருந்தியது, ஆனால் முழங்கை மடங்கி, கட்டைவிரல் மூக்கில் இடித்தது.

“அளவைக் குறைச்சதே எனக்காகத்தானுங்க,” என்றான் திருமூர்த்தி. அவன் வலத் தோளில் வைத்து, வலக் கண்ணால் குறி பார்த்தான். நீளம் கச்சிதம். கன்னத்தில்தான் கட்டை உட்காராமல் விலகி நின்றது.

தாரணி கட்டையைத் தொடவில்லை.

“எனக்கு வேண்டாமுங்ணா. அப்பா ஆரை நெனச்சு இதைச் செஞ்சாருன்னு தெரிஞ்சாப் போதும்.”

சொல்லிவிட்டு, முகத்தை மறைக்க அவள் மேசைப் பக்கம் குனிந்தாள், பாவம். கடிகாரக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்று அங்கே கிடந்தது. வலக்கையால் அதை எடுத்து, இடக் கண்ணில் வைத்துக்கொண்டு, திருமூர்த்தி மேசையில் வைத்துவிட்ட கட்டையிலிருந்த பொடி எழுத்துகளைப் படிக்கிறவள் போல நின்றாள்.

லூர்துசாமி குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கட்டை மூவரில் யாருக்காக வளைந்தது? அந்தப் பெயரை ராக்கியப்பன் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை?

விடை: தாரணிக்காக. நந்தகோபாலுக்கு வளைவு சரி, நீளம் போதாது. திருமூர்த்திக்கு நீளம் சரி, வளைவு எதிர்ப்பக்கம். எழுதுவது எந்தக் கையாக இருந்தாலும் குறி பார்ப்பது கண்தான். கையைப் போலவே கண்ணிலும் ஆளுக்கு ஒன்று முந்தும்; தாரணிக்கு அது இடக் கண். அந்தக் கண்ணோடு வலத் தோளில் வைத்துச் சுட்டால் குண்டு இடப்பக்கம் போகாமல் என்ன செய்யும்? எப்போதோ, எதையோ அவள் இடக் கண்ணால் பார்ப்பதை அப்பா கவனித்திருக்க வேண்டும். தான் சொன்னது தப்பு என்று மகளிடம் ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை, அதனால் தச்சரிடம் போனார். “உங்க மேல குத்தமில்லீங்க அம்மிணி. தோளுதான் மாறிப்போச்சு. அப்பாவுக்கு அது தெரிஞ்சிருச்சு,” என்றார் லூர்துசாமி. “ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா அவரு கொறைஞ்சா போயிருப்பாரு?” என்று கேட்டு அவள் அழுதாள். நந்தகோபால் கட்டையை எடுத்துத் தங்கையின் இடத் தோளில் வைத்தான்.