மணற்புழுவை முழுசாக எடுப்பது

"என் மகளை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும், அம்மா. ஒரு வழி சொல்லுங்க."

நல்லசிவன் இப்படிக் கேட்டபோது கடல் வற்றிக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, ஈரமணல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத காலை.

அவர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர். வயது அறுபத்தொன்று. தீவில் தனியாக இருந்த அவருடைய குரு கடலாடியம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊரில் இதை வைத்துக் கேலி பேசினார்கள். பேசட்டும்.

"என்ன அவசரம், ஐயா?"

"ஏழாம் மாசம் நடக்குது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டுலதானே? நாலு தடவை போய்க் கூப்பிட்டேன். புருஷன், வலை, ஆடுன்னு அந்த வீட்டை விட்டு வரமாட்டேங்கிறா. போன தடவை கையைப் பிடிச்சு இழுத்தே பார்த்துட்டேன். 'இனிமே கூப்பிட வராதீங்கப்பா'ன்னுட்டா."

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். மகள் செண்பகத்தை விட்டால் அவருக்கு யாருமில்லை.

அம்மை மணலைக் காட்டினாள். முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி எங்கு பார்த்தாலும் மணல் சுருள்கள்.

"உள்ளே மணற்புழு இருக்கு. ஒண்ணை முழுசா எடுத்துட்டு வாங்க."

மகளைப் பற்றிக் கேட்டால் புழு பிடிக்கச் சொல்கிறாளே என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போய் உட்கார்ந்தார்.

ஒரு துளையில் மணலைத் தின்று, இன்னொரு துளைக்கு வாலை நீட்டி மணலையே கழிக்கிற ஜீவன் அது. நாளெல்லாம் அதுதான் வேலை. அவர் கண்ணெதிரே ஒரு சுருள் மெதுவாக வளர்ந்தது. வால் தெரிந்தது. பிடித்து இழுத்தார்.

பொசுக்கென்று அறுந்துவிட்டது.

கையெல்லாம் வழவழப்பு. அதில் பழைய ஆஸ்பத்திரி வாடை, புண்ணுக்குத் தூவும் மஞ்சள் பொடியின் வாடை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் அறுந்தது. மூன்றாவதும் அப்படியே.

"கொன்னுட்டேன், அம்மா."

"இல்லை. தலை உள்ளே பத்திரமா இருக்கு. போன உடம்பு திரும்ப வளர்ந்துடும். அதுக்கு ஒரு குறையும் வராது."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்போ என் கையில இருக்கிறது?"

அம்மை அவர் பக்கத்தில் வந்தாள்.

மண்டியிட்டாள். இரண்டு கையையும் முழங்கை வரை மணலுக்குள் விட்டு, ஒரு பானை அளவு மணலை அப்படியே அள்ளினாள். பக்கத்துக் குட்டையில் வைத்தாள்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. வெயில் ஏறியதா, நேரம் போனதா, நல்லசிவனுக்குத் தெரியவில்லை.

முதலில் வெளிறிய மூக்கு வந்தது. பிறகு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கழுத்துப்பட்டை. அதன் பின்னால் முழ நீளத்துக்கு, மெத்தென்று, அவசரமில்லாமல் உடம்பு.

"முழுசா இருக்கு," என்றார். அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்போ அவளை வீட்டோட சேர்த்துத்தான் தூக்கணுமா? மருமகன், வலை, ஆடு, குட்டி எல்லாத்தோடயுமா? என் வீடு பத்தாதே, அம்மா!"

அம்மை சிரித்துவிட்டாள்.

"அவ அடுப்புல பத்தியச் சோறு ஆக்கிப் போடத் தெரியுமா, ஐயா?"

"தெரியாது."

"கத்துக்க ரெண்டு மாசம் இருக்கே."