சடைச்சி முகவரி மாற்றிய கதை

அந்தக் காலத்தில் மிருகங்களும் பறவைகளும் பேசிக்கொண்டிருந்தன. பேசியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வலைப்பூவும் எழுதிக்கொண்டிருந்தன. மரத்துக்கு மரம் சிலந்தி நூல் இழுத்து வைத்திருந்தாள். யாருக்கு என்ன எழுதத் தோன்றினாலும் ஒரு தேக்கிலையில் எழுதி, அந்த நூலில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டுவிடலாம். வௌவால் தலைகீழாகத் தொங்குவதன் சுகத்தைப் பற்றி எழுதியது. மயில் தன்னைப் பற்றியே எழுதியது. குரங்கு அடுத்தவர் எழுதியதை எடுத்துத் தன் பெயரில் தொங்கவிட்டது. அந்த வகையில் அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

முகவரியில்தான் வித்தியாசம். அன்றைக்கு எந்தப் பதிவின் முகவரியிலும் ஒரு சொல் கிடையாது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மரச்சில்லு தொங்கும், அதில் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். எண் செதுக்கிக் கொடுப்பது மரவட்டையின் வேலை. எண்ணுவதற்கு அத்தனை கால்கள் வேறு யாருக்கு இருக்கின்றன? எண்ணுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி, ஓர் எழுத்து, ஒரு சமக்குறி எல்லாம் போடுவார். அதெல்லாம் எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அவருடைய அப்பா போட்டார், அவரும் போட்டார்.

அந்தக் காட்டில் சடைச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். தன் முதுகு முள்ளையே பிடுங்கி, நாவல்பழச் சாற்றில் தோய்த்து எழுதுவாள். மண்ணைத் தோண்டிப் பிழைக்கிற சாதி என்பதால் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அவள் எழுத்து. எந்தக் கிழங்கு தொண்டையைக் காறும், எந்த வேரை மென்றால் பசி தாங்கும் என்றெல்லாம் எழுதினாள். அவள் எழுதியதிலேயே சிறந்தது ஊற்றைப் பற்றிய பதிவு. வறட்டாற்றில் எந்த வளைவில், எந்த மருத மரத்துக்கு நேராக, எவ்வளவு ஆழம் தோண்டினால் நடுக்கோடையிலும் தண்ணீர் கசியும் என்று எழுதியிருந்தாள். கோடை முழுக்க ஆற்றைக் கிளறி, நகம் தேய்ந்து எழுதிய பதிவு அது. அதை நினைத்தாலே அவள் முள்ளெல்லாம் பெருமையில் சிலிர்த்து நிற்கும். கர்வக்காரிதான். ஆனால் வேலை தெரிந்தவளின் கர்வம், அதைக் குறை சொல்ல முடியாது.

குறை என்னவென்றால், அந்தப் பதிவை ஒருவரும் வந்து படித்ததாக அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் புள்ளிமான் ஒருத்தி எதிரே வந்தாள்.

"அடியே, ஊத்தப் பத்தி எழுதிருக்கேன். போய்ப் படி."

"எங்கக்கா இருக்கு?"

"கேள்விக்குறி, ப, சமக்குறி, ஏழாயிரத்து இருநூத்திப் பதினாறு."

மான் தலையை ஆட்டிவிட்டுத் துள்ளி ஓடினாள். நாலு புதர் தாண்டுவதற்குள் இருநூறு எங்கோ விழுந்துவிட்டது. ஏழாயிரத்துப் பதினாறில் போய் நின்று, வௌவாலின் தலைகீழ்ச் சுகத்தை முழுக்கப் படித்துவிட்டு, "சடைச்சிக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சடைச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகச் சிலந்தியிடம் போனாள். காட்டில் யார் எதைத் தேடினாலும் சிலந்தியைத்தான் கேட்பார்கள். அவள் நூல் நூலாக ஓடிப் பார்த்து, "இன்ன இடத்தில் இருக்கிறது, போ" என்று அனுப்புவாள்.

"ஏன் சிலந்தியக்கா, தண்ணி எங்கன்னு கேக்குறவங்கள எங்கிட்ட அனுப்புறதே இல்லையே? எங்கூட உனக்கென்ன பகை?"

"பகை என்னடி பகை? நான் ஒருத்தி. முடிச்சு எத்தனை? ஒவ்வொண்ணுக்குள்ளயும் போய் முழுசாப் படிச்சுக்கிட்டிருந்தா என் உசுரு போயிரும். வாசல்ல என்ன எழுதியிருக்குன்னுதான் முதல்ல பார்ப்பேன். உன் வாசல்ல ஏழாயிரத்துச் சொச்சம்னு இருக்கு. உள்ள இருக்கறது தண்ணியா தவிடான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பூக்கடைக்கு விளம்பரம் எதுக்குக்கா?"

"பூக்கடைன்னா வாசம் வரும். உன் கடை மூடுன கதவுல்ல" என்று சொல்லிவிட்டுச் சிலந்தி அடுத்த நூலுக்குத் தாவிவிட்டாள்.

சொன்ன விதம் சுட்டது. ஆனால் சொன்னது உண்மை என்று சடைச்சிக்குத் தெரிந்தது. அன்றைக்கே மரவட்டையிடம் போய் நின்றாள்.

"மாமா, எனக்கு எண்ணு வேணாம். என் வாசல்ல வார்த்தையத்தான் எழுதப்போறேன்."

மரவட்டை திடுக்கிட்டுச் சுருண்டுகொண்டார். பிறகு மெல்லச் சுருள் பிரிந்தார். "ஆளாளுக்குப் பேரு வச்சா ஒழுங்கு என்னம்மா ஆகுறது?"

"ஒழுங்கா இருந்து என்ன மாமா, யாரும் வர மாட்டேங்குறாங்களே!"

"உன் வீடு, உன் இஷ்டம். ஆனா பழைய சில்ல மட்டும் கழட்டாதே. அந்த எண்ண நம்பி யாராவது வந்தா?"

"யாரு வர்றா? இத்தன நாளா ஒரு ஈ காக்கா வந்திருக்கா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது முள்ளம்பன்றிக்கும் பொருந்தும். தன் எண் சில்லுகளை எல்லாம் கழற்றி ஒரே வீச்சில் கறையான் புற்றில் எறிந்தாள். இலைகளை அவிழ்த்துக்கொண்டு வந்து வேறொரு நல்ல நூலில், நடுக்காட்டில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டாள். பழைய முடிச்சுகள் வெறும் முடிச்சுகளாகக் காற்றில் ஆடின.

புது வாசலுக்குப் பெயர் வைப்பதும் லேசாக இல்லை. முதலில் பதிவின் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதித் தொங்கவிட்டாள். பாரம் தாங்காமல் நூல் தொய்ந்து தரையைத் தொட்டது. "இது முகவரியா முன்னுரையா?" என்று சிலந்தி சிரித்தாள். சடைச்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக உதிர்த்தாள். 'ஒரு', 'இந்த', 'என்று', 'பற்றி' எல்லாம் போயின. கடைசியில் 'கோடை வற்றாத ஊற்று' மட்டும் நின்றது. அதிலும் ஒரு சிக்கல். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் விட்ட சந்தில் காற்று புகுந்து, சருகும் தூசியும் வந்து அடைத்துக்கொண்டன. யாருக்கும் படிக்க வரவில்லை. சடைச்சி முதுகிலிருந்து குட்டி முட்களாகப் பார்த்துப் பிடுங்கி, ஒவ்வொரு சந்திலும் படுக்கை வசமாகச் செருகினாள். சொற்கள் கை கோத்ததுபோல நின்றன. பார்த்தவுடன் படிக்க முடிந்தது, சொன்னவுடன் நினைவில் நின்றது.

"இப்ப இது வாசல்" என்றாள் சிலந்தி.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. குட்டைகள் வெடித்தன. தண்ணீர் எங்கே என்று காடே சிலந்தியைக் கேட்டது. சிலந்தி ஓடிப் பார்த்தாள், 'கோடை-வற்றாத-ஊற்று' என்று வாசலில் கண்டாள், அங்கேயே அனுப்பினாள். கேழையாடு வந்தது, நரி வந்தது, வௌவால்கூட நேராக நிமிர்ந்து படித்துவிட்டுப் போனது. பழைய புள்ளிமானும் வந்து, "அக்கா, இவ்வளவு நல்லா எழுதுவியா நீ?" என்று வாயைப் பிளந்தாள். சடைச்சி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தரிசனம் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் சிலந்தி மூச்சிரைக்க வந்தாள். "சடைச்சி, உன் பழைய முடிச்சுக்கிட்ட ஒரு ஆமை நிக்கிறார். பின்னால ஒரு மான் கூட்டமே நிக்குது. குட்டிகளுக்கெல்லாம் நாக்குத் தள்ளிருச்சு. என்ன தேடுறீங்கன்னு கேட்டா, ஏழாயிரத்து இருநூத்திப் பதினாறுங்கறார். வேற ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். அந்த எண்ணுதான் இப்ப எங்கயும் இல்லையே. இல்லாதத நான் எங்க போயி காட்டுறது?"

சடைச்சி எழுந்து ஓடினாள்.

வெறும் முடிச்சுக்குக் கீழே ஓர் ஆமை கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் என்று பெயர். மேலக்காட்டுக் குளத்து ஆள். அங்கிருந்து இங்கே வந்து ஒரு பதிவைப் படித்துத் திரும்புவதற்குள் அவருக்கு ஒரு பருவம் கழிந்துவிடும். சடைச்சி எழுதிய அத்தனையும் அப்படித்தான் வந்து படித்திருக்கிறார். சத்தம் போடத் தெரியாத வாசகர், அதனால் அவர் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவே இல்லை. இப்போது அவர் குளமும் வற்றிவிட்டது. எண் மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு, தாகத்தில் தவித்த மான்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இந்த ஆமைப் பேச்ச நம்பி வந்தோம் பாரு" என்று மான்களின் தலைவன் காலை உதைத்தான். "இங்க நூலும் முடிச்சுந்தான் இருக்கு. பிள்ளைகளச் சாகடிக்கவா கூட்டியாந்தே?"

"இங்கதாம்ப்பா இருந்துச்சு. எங்க சடைச்சி எழுதுனது. இந்த முடிச்சுதான். இங்கதாம்ப்பா இருந்துச்சு." ஒச்சப்பன் மறுபடியும் முடிச்சை நோக்கிக் கழுத்தை நீட்டினார்.

'எங்க சடைச்சி' என்ற சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒருவரும் வரவில்லை என்று எத்தனை திமிராகச் சொன்னாள்! அவமானத்தில் அவள் முட்களெல்லாம் படிந்துபோயின.

"அண்ணே, நான்தான் சடைச்சி. தப்பு உங்க மேல இல்ல, நான்தான் இலைய இடம் மாத்திட்டேன். வாங்க, நடுக்காட்டுல இருக்கு."

"அப்பாடா! ஆனா தாயி, வழியில கேட்டவங்களுக்கெல்லாம் இந்த எண்ணத்தானே சொல்லிட்டு வந்தேன். பின்னாலயே யானைக் கூட்டம் வருது, செந்நாய்கூட வருது. அவங்க இங்க வந்து நின்னா?"

சடைச்சி சுற்றும் முற்றும் பார்த்தாள். ஊற்றுப் பதிவுக்கு மட்டுமா? கிழங்குப் பதிவின் பழைய முடிச்சடியில் ஒரு கரடி தலையைச் சொறிந்துகொண்டு நின்றது. எத்தனை முடிச்சில் என்று அவள் போய் நின்று வழி சொல்ல முடியும்? ஒரு கணம்தான் யோசித்தாள். முதுகை வளைத்து, தன் நீளமான முள்ளில் ஒன்றைப் பல்லால் பற்றிப் பிடுங்கினாள். ரத்தம் துளிர்த்தது. அதைப் பழைய முடிச்சில் குத்தி, கூர்முனை புது வாசலைக் காட்டும்படி திருப்பி வைத்தாள்.

"எந்த முடிச்சு எந்த எண்ணுன்னு வர்றவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. மரவட்டை ஊர்ந்து வந்துகொண்டிருந்தார். "சில்லையெல்லாம் கறையான் தின்னா என்ன? எண்ணு பூராவும் எனக்கு மனப்பாடம். நான் செதுக்குறேன், நீ குத்து."

அவர் செதுக்கச் செதுக்க, அவள் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினாள். ஒரு பழைய எண்ணுக்கு ஒரு முள். வலித்தது. நல்ல முள், நீள முள், இத்தனை நாள் சிலிர்த்துக் காட்டிய முள் எல்லாம் போயின. முடிச்செல்லாம் முடிந்தபோது அவள் முதுகு உழுது போட்ட கொல்லை மாதிரி கிடந்தது. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒருவர்கூட அங்கே திகைத்து நிற்கவில்லை. எண்ணைச் சொல்லிக்கொண்டு யானைகள் வந்தன, முள்ளைப் பார்த்தன, திரும்பின, புது வாசலில் போய் நின்றன.

முன்னால் வந்தவர்கள் பறித்த குழியை ஆற்று மணல் சரிந்து மூடியிருந்தது. யானைகள் வறட்டாற்றில் இறங்கி, பதிவில் சொன்ன இடத்திலேயே மறுபடி தோண்டின. எழுதியிருந்த அதே வளைவில், அதே மருத மரத்துக்கு நேராக, அதே ஆழத்தில் மணல் கறுத்தது. பிறகு கசிந்தது. பிறகு தண்ணீர் நின்றது. மான்குட்டிகள் மூக்கு வரை அமிழ்த்திக் குடித்தன. கடைசியாக ஒச்சப்பன் வந்து சேர்ந்தார். மான்களின் தலைவன் வெட்கத்தோடு விலகி அவருக்கு வழி விட்டான்.

குடித்து முடித்து அவர் சடைச்சியின் மொட்டை முதுகைப் பார்த்தார். "அங்க வெறும் முடிச்சப் பார்த்தப்ப, நான்தான் வழி தப்பி வந்துட்டேனோன்னு நெனச்சேன் தாயி. நீ எழுதுனது பொய்யா இருக்குமோன்னு மட்டும் நெனைக்கவே இல்ல."

முள்ளே இல்லாத முதுகோடு காடே பார்க்க நின்றுகொண்டிருந்தாள் சடைச்சி. சிலிர்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அவள் பிறந்ததிலிருந்து அன்றைக்குப் பட்ட பெருமையை என்றைக்கும் பட்டதில்லை. கண்ணில் நீர் முட்ட, தலையை நிமிர்த்தியே நின்றாள்.

அன்று முதல்தான் வலைப்பூ முகவரிகளில் எண் போய்ச் சொல் வந்தது. சொற்களுக்கு நடுவே சடைச்சியின் குட்டி முள் இன்றுவரை ஒரு சிறு கோடாகப் படுத்திருக்கிறது. வீடு மாறிய பிறகும் பழைய முகவரியை நம்பி வருகிற ஒரே ஒரு வாசகருக்காக, எழுதுகிறவர்கள் அங்கே வழிகாட்டி ஒன்றைக் குத்தி வைத்துவிட்டே போகிறார்கள்.